நிரம்பாத தொட்டி

“எங்க வீட்டு டேங்க்கை இருபது வருஷமா திறந்ததே இல்ல. இன்னும் நிரம்பல.” அந்தமானின் ரங்கத்தில் சொன்னாலும் ராமநாதபுரத்தில் சொன்னாலும் இதைப் பெருமையாகவே சொல்கிறார்கள். கட்டிக்கொடுத்த கொத்தனாருக்கும் அதில் ஒரு பாராட்டு உண்டு. ஆனால் அறிந்தவர்கள் காதில் இது கவலைக்குரிய செய்தியாகத்தான் விழும். ஐந்து பேர் புழங்கும் வீட்டின் செப்டிக் டேங்க் இருபது ஆண்டுகள் நிரம்பாமல் இருக்க முடியாது. நிரம்பவில்லை என்றால், உள்ளே போனதெல்லாம் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கிறது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். செப்டிக் டேங்க் கட்டுவதற்கென்று இந்தியாவில் ஐ.எஸ். 2470 என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சுத்தம் செய்வதானால் 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1.05 மீட்டர் நீர் ஆழம் போதும் என்கிறது அது. அதாவது சுமார் 1,180 லிட்டர். ஒருவரால் ஓராண்டில் சேரும் கசடு 70 லிட்டருக்குச் சற்று மேல் என்று வைத்துத்தான் இந்த அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. ஐந்து பேருக்கு ஆண்டுக்கு 350 லிட்டரைத் தாண்டும். மூன்றாண்டில் ஏறக்குறைய 1,100 லிட்டர். இது வடிவமைப்புக்காகத் தாராளமாகப் போட்ட கணக்கு. வெப்ப மண்டலத்தில் கசடு நன்றாகச் செரித்து இதைவிடக் குறைவாகவே சேரலாம். பாதியாகவே குறையட்டும், அப்போதும் ஆறேழு ஆண்டில் தொட்டிக்குள் தண்ணீர் நிற்க இடம் இருக்காது.

அப்படியானால் இருபது ஆண்டுக் கசடு எங்கே? மூன்று வழிகள் உண்டு. தொட்டியின் அடியைப் பூசாமலே விட்டிருக்கலாம். “தண்ணி தானா எறங்கிரும், அடி பூச வேணாம்” என்று சொல்லும் கொத்தனார்கள் எங்கும் இருக்கிறார்கள். அப்படிக் கட்டியது செப்டிக் டேங்க் ஆகாது, வெறும் குழிதான். இரண்டாவது வழி, சுவரில் விழுந்த விரிசல். அந்தமான் தீவுகள் நாட்டிலேயே நிலநடுக்க அபாயம் மிகுந்த பகுதிகளில் சேர்ந்தவை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த நடுக்கத்துக்குப் பின் வீட்டுச் சுவர்களைப் பார்த்துப் பார்த்துப் பூசியவர்களில் எத்தனை பேர் மண்ணுக்குள் இருந்த தொட்டிச் சுவரைத் திறந்து பார்த்திருப்பார்கள்? மூன்றாவது வழி எல்லாருக்கும் தெரியும்: தொட்டி எப்போதோ நிரம்பிவிட்டது, கசடு வெளியேற்றுக் குழாய் வழியாகத் தண்ணீரோடு சேர்ந்தே வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வீட்டுக்குள் நாற்றம் வராததால் வீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை.

தொட்டிக்குள் நடப்பதை ஒருமுறை புரிந்துகொண்டால் பராமரிப்பு விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. உள்ளே வரும் கழிவு அங்கே ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், அசையாமல் நிற்க வேண்டும். நின்றால் கனமானது அடியில் படியும், அது கசடு. எண்ணெயும் கொழுப்பும் மேலே மிதந்து தடித்த ஏடாகும். இரண்டுக்கும் நடுவே ஓரளவு தெளிந்த நீர் நிற்கும். வெளியேறும் குழாயின் வாயில் ‘டி’ வடிவத் துண்டு ஒன்றைப் பொருத்துவது அந்த நடு நீர் மட்டும் வெளியேறுவதற்காகத்தான். அந்தத் துண்டு உடைந்துவிட்டாலோ முதலிலேயே வைக்காமல் விட்டாலோ ஏடும் சேர்ந்து வெளியேறும்.

அடியில் படிந்த கசட்டில் காற்று இல்லாமலே வாழும் உயிர்கள் வேலை செய்கின்றன. ஒரு கூட்டம் மாவுச்சத்தையும் புரதத்தையும் கொழுப்பையும் உடைத்து அமிலங்களாக்கும். அடுத்த கூட்டம் அவற்றை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றும். கடைசியாக வருபவை மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள். இவற்றைப் பாக்டீரியா என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1977-இல் அமெரிக்க அறிவியலாளர் கார்ல் வோஸ், இவை பாக்டீரியாவிலிருந்து மிகத் தொலைவில் பிரிந்த தனிக் கிளை என்று காட்டினார். ஆர்க்கியா என்ற அந்தப் பெரும்பிரிவை உலகம் முதலில் அடையாளம் கண்டதே இந்த மீத்தேன் உயிர்களைக் கொண்டுதான். வீட்டின் பின்புறத்தில் சிமென்ட் மூடிக்கு அடியில் அவை சத்தமில்லாமல் இயங்கிக்கொண்டிருக்கின்றன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இந்த உயிர்களுக்கு வெப்பம் பிடிக்கும். பனி விழும் நாடுகளில் குளிர்காலத்தில் அவை ஏறக்குறைய முடங்கிவிடும். வசந்தத்தில்தான் மீண்டும் வேகம் பிடிக்கும். அந்தமானில் ஆண்டு முழுவதும் 20 டிகிரிக்கு மேல் இருப்பதால் ஓய்வே கிடையாது. செரிமானம் என்ற ஒரு விஷயத்தில் ரங்கத் கொடுத்துவைத்த ஊர்.

இந்தத் தொட்டியின் வரலாறும் சுவையானது. பிரான்ஸின் வெசூல் நகரில் ழான் லூயி மூராஸ் என்பவர் 1860-களில் தம் வீட்டுக்காக மூடிய தொட்டி ஒன்றைக் கட்டினார். பல ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தபோது எதிர்பார்த்த அளவு திடக்கழிவு இல்லை, பெரும்பாலும் நீர்தான் இருந்தது. 1881-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அடுத்து இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் டொனால்ட் கேமரன் 1895-இல் அதைப் பெரிய அளவில் கட்டி, ‘செப்டிக் டேங்க்’ என்ற பெயரையும் வைத்தார். அதிலிருந்து வந்த வாயுவில் விளக்கும் எரிந்தது. சில ஆண்டுகளிலேயே பம்பாயின் மாட்டுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்திலும் இதே முறையில் கழிவிலிருந்து வாயு எடுத்தார்கள். மூராஸின் தொட்டியைப் பற்றி அன்று பரவிய நம்பிக்கை ஒன்று இன்றுவரை நம்மை விடவில்லை: தொட்டிக்குள் போனது கரைந்து மறைந்துவிடும் என்பது. பெரும்பகுதி செரிக்கிறது என்பது உண்மை. எல்லாமே செரிக்கிறது என்பது உண்மையல்ல. மணல், நார், உப்புகள், செரிக்க முடியாத கரிமப்பொருள் எல்லாம் அடியில் ஏறிக்கொண்டே போகும்.

இனி ரங்கத்துக்கு வருவோம். நடு அந்தமானின் முக்கியமான ஊர் அது. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து, ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டை ஊடுருவும் நெடுஞ்சாலையில் சுமார் 170 கிலோமீட்டர். சுற்றிலும் பஞ்சவடி, சபரி, ஊர்மிளாபூர், தசரதபூர் என்று ராமாயணப் பெயர் தாங்கிய கிராமங்கள். கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களும் தமிழர்களும் ராஞ்சிக்காரர்களும் அக்கம்பக்கமாக வாழும் பகுதி. தீவுகள் முழுவதற்கும் ஒரே நகராட்சி போர்ட் பிளேரில் இருக்கிறது. ரங்கத் பஞ்சாயத்து நிர்வாகத்தில் உள்ளது. ஊர் முழுவதற்கும் பாதாளச் சாக்கடை வேண்டும் என்று கேட்பது இப்படிச் சிதறிக் கிடக்கும் மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு வீடும் தன் கழிவைத் தானே கையாள வேண்டிய இடம் இது. அதில் தவறும் இல்லை. நன்றாகக் கட்டிப் பராமரித்த வீட்டுத் தொட்டி, அரைகுறையாக ஓடும் நகரச் சாக்கடையைவிடப் பலமடங்கு மேல்.

ஆனால் தொட்டி செய்வது பாதி வேலைதான். வெளியே வரும் நீர் தெளிந்தது போலத் தெரிந்தாலும் அதில் நோய்க்கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கும். மிதக்கும் திடப்பொருளில் பாதிக்கு மேலும், கரிமச் சுமையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையும்தான் தொட்டியில் கழிகிறது. நைட்ரஜன் அம்மோனியாவாக அப்படியே வெளியேறுகிறது. மீதி வேலையை மண் செய்ய வேண்டும். காற்றோட்டமுள்ள மண்ணில் இறங்கும்போது மண் துகள்களில் கிருமிகள் ஒட்டிக்கொள்கின்றன, மற்ற நுண்ணுயிர்கள் அவற்றை உண்கின்றன, அம்மோனியா நைட்ரேட்டாகிறது. இது நடக்க வேண்டுமானால், தொட்டி நீரை மண்ணில் இறக்கும் சோக்பிட் என்ற குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் நடுவே காற்று புகும் மண் குறைந்தது 2 மீட்டராவது இருக்க வேண்டும். நீரில் ஊறிய மண்ணில் கிருமிகள் வடிகட்டப்படாமல் நெடுந்தூரம் போகும்.

ரங்கத்தில் தோற்பது இந்த இரண்டாவது பாதி. நடு அந்தமானின் பெரும்பகுதி மணற்கல்லும் களிக்கல்லும் அடுக்கடுக்காக அமைந்த பாறைத் தொகுதி. அதன் மேல் படிந்த மண்ணில் களி அதிகம், நீர் எளிதில் இறங்காது. அதன் மேல் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிறது. அது ஓய்ந்த கையோடு வடகிழக்குப் பருவமழை வந்து டிசம்பர் வரை நீடிக்கிறது. மழை மாதங்களில் சோக்பிட்டைச் சுற்றியுள்ள மண் ஏற்கெனவே நிறைந்து நிற்கும், கழிவு நீருக்கு அங்கே இடமில்லை. அது பக்கவாட்டில் நகர்ந்து, சரிவின் அடிவாரத்தில் ஊற்றாகக் கசியும். அந்த அடிவாரத்தில்தான் ஓடையும் கிணறும் இருக்கும். மேல்வீட்டுக் கழிவு கீழ்வீட்டுக் கிணற்றுக்குப் போகும் பாதை இது.

ஷிகெல்லா என்ற வயிற்றளைச்சல் கிருமி உடலில் நோய் உண்டாக்க 10 முதல் 100 செல்கள் உள்ளே போனால் போதும். போர்ட் பிளேரில் 1983 முதல் இயங்கும் ஐ.சி.எம்.ஆர். வட்டார மருத்துவ ஆய்வு மையம் தீவுகளில் இந்தக் கிருமியை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது. குடிநீர் ஆதாரத்திலிருந்து சோக்பிட் 18 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 2470. சரிவு நிலத்தில் தூரம் மட்டும் போதாது. எது மேலே, எது கீழே என்றும் பார்க்க வேண்டும். கிணற்றுக்கு மேற்புறம் 25 மீட்டர் தள்ளி இருக்கும் குழியைவிடக் கீழ்ப்புறம் 18 மீட்டரில் இருப்பதையே நான் நம்புவேன்.

உங்கள் மண் எப்படிப்பட்டது என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். சோக்பிட் வரப்போகும் ஆழத்துக்கு ஒரு சிறு குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி ஒரு இரவு ஊற விடுங்கள். மறுநாள் மீண்டும் நீர் நிரப்பி, மட்டம் 25 மில்லிமீட்டர் இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் அந்த இடம் சோக்பிட்டுக்கு ஆகாது. இந்தச் சோதனையைக் கோடையில் செய்து ஏமாறாதீர்கள். வறண்ட களிமண் வெடிப்புகள் வழியே மார்ச்சில் நீர் வேகமாக இறங்கும். ஜூலையில் அதே மண் ஒரு சொட்டும் ஏற்காது.

ஆகாத மண்ணில் என்ன செய்வது? தரைக்கு மேலே மணலைக் கொட்டி மேடை எழுப்பி, கழிவு நீரை அதன் வழியாக இறக்குவது ஒரு வழி. ஈரமான, நீர் இறங்காத நிலங்களுக்காக அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1970-களில் இதைச் செம்மைப்படுத்தினார்கள். இன்னொரு வழி, தொட்டிக்கு அடுத்து ஜல்லி நிரப்பிய அறை ஒன்று கட்டி, நீரை அடியிலிருந்து மேல்நோக்கி ஏறவிடுவது. ஜல்லியில் ஒட்டி வளரும் நுண்ணுயிர்ப் படலம் மேலும் சுத்தம் செய்யும். அதன்பின் கல்வாழை நட்ட ஜல்லிப் படுகை. ஆரோவில்லில் இத்தகைய படுகைகளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரையெல்லாம் கல்வாழை குடித்துவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம். பிப்ரவரியில் குடிக்கும், ஆகஸ்டில் வானத்திலிருந்து விழுவதையே அதால் குடித்து முடிக்க முடியாது.

சோக்பிட் ஏற்கெனவே இருக்கும் வீடுகளுக்கு ஒரு சொல். குழியின் சுவரில் காலப்போக்கில் கறுத்த வழவழப்பான படலம் உண்டாகி நீர் இறங்குவதைத் தடுக்கும். இரண்டு குழி வைத்து ஆறு மாதத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால், ஓய்வில் இருக்கும் குழியில் காற்றுப் புகுந்து அந்தப் படலம் சிதையும். ஒரே பெரிய குழியைவிட இரண்டு சிறு குழிகளே நெடுநாள் உழைக்கும்.

மழை இன்னொரு வகையிலும் தொட்டியைக் கெடுக்கிறது. 100 சதுர மீட்டர் கூரையில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் நீர். மேலே சொன்ன ஐந்து பேர் தொட்டியின் கொள்ளளவைப் போல எட்டு மடங்குக்கு மேல். கூரைத் தண்ணீரை வசதிக்காகத் தொட்டியோடு இணைத்துவிட்டால், ஒரு கனமழையில் அசையாமல் நிற்க வேண்டிய நீர் அலைக்கழிந்து கசட்டையும் கிளப்பி வெளியே தள்ளிவிடும். கூரைத் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் தொட்டிக்கோ சோக்பிட்டின் மேலோ வரக் கூடாது. தொட்டி மூடி தரையைவிட ஒரு சாணாவது உயர்ந்து, ஓரம் பூசப்பட்டிருக்க வேண்டும். குளியல் நீரும் துவைத்த நீரும்கூடத் தொட்டிக்கு வேண்டாம். அவற்றைத் தனியே தென்னைக்கும் வாழைக்கும் விடலாம். கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வரும் தீவில் அது லாபமும்கூட.

கசடு எடுக்க எந்த மாதம் நல்லது என்ற கேள்விக்கும் மழையே விடை சொல்லும். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது தொட்டியை முழுக்கக் காலி செய்தால், அது மண்ணுக்குள் டோங்கிப் படகு போல மிதக்கப் பார்க்கும். ஆர்க்கிமிடீஸ் சொன்ன விதிதான். 2,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி காலியாக இருந்தால் 100 கிலோகூட இருக்காது. சுற்றிலும் நீர் மேல்மட்டம் வரை நின்றால் அதை மேலே தள்ளும் விசை சுமார் 2 டன். கப்பலில் ஏற்றி இறக்க எளிது என்பதால் இந்தத் தொட்டிகளைத் தீவுக்காரர்கள் விரும்புகிறார்கள்; ஆனால் கான்கிரீட் தளத்தில் பட்டி போட்டுக் கட்டாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் குழாய்களை முறித்துக்கொண்டு எழும்பிவிடும். கான்கிரீட் தொட்டியிலும் கனமில்லாத சுவர் வெடிக்கலாம். ஆகவே ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களே சரி. எடுத்து முடித்ததும் தொட்டியில் தண்ணீர் நிரப்பிவிடுங்கள். உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டியதில்லை.

எப்போது எடுக்க வேண்டும் என்பதற்கு நாள்காட்டியைவிட அளவே நம்பகமானது. நீண்ட கழியின் நுனியில் வெள்ளைத் துணி சுற்றி, வெளியேற்றுக் குழாய்ப் பக்கத்துத் திறப்பு வழியே அடிவரை இறக்கி, சற்று நிறுத்தி மெல்ல எடுத்தால், கசடு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்பது துணியின் கறையில் தெரியும். கசடும் ஏடும் சேர்ந்து நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் எடுத்துவிட வேண்டும். திறந்த வாயில் குனிந்து எட்டிப் பார்க்கக் கூடாது. பீடி, தீக்குச்சி, மெழுகுவத்தி எதுவும் அருகில் கூடாது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் வெடிக்கும். தனியாகவும் திறக்காதீர்கள்.

கடலோரத்து வீடுகளுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ரங்கத்தை அடுத்த தானி நாலாவின் அலையாத்திக் காட்டுக்குள் நடந்தவர்களுக்கு அங்கே சேற்றிலிருந்து எழும் அழுகிய முட்டை வாடை தெரியும். கடல் நீரில் சல்ஃபேட் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் இருக்கிறது. காற்றில்லாத சேற்றில் சில பாக்டீரியாக்கள் அந்தச் சல்ஃபேட்டைப் பயன்படுத்திக்கொண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளிவிடுகின்றன. அலையாத்திக்கு அது இயல்பு. உவர்ப்பான கிணற்று நீரைக் கழிப்பறைக்கு ஊற்றும் வீடுகளிலும், உயரலைக் காலத்தில் உப்பு நீர் கசிந்து புகும் தொட்டிகளிலும் இதே வேலை நடக்கும். சல்ஃபேட் கிடைத்தால் அந்தப் பாக்டீரியாக்கள் மீத்தேன் உயிர்களை முந்திவிடும். வாடை கூடும். அந்த வாயு தொட்டி மேல்தளத்தின் ஈரத்தில் கரைந்து, வேறு வகைப் பாக்டீரியாக்களால் கந்தக அமிலமாகும். அமிலம் கான்கிரீட்டை அரிக்கும், கம்பி துருப்பிடிக்கும். மேலே பார்க்க நன்றாக இருக்கும் மூடி அடிப்புறம் பொரிந்துபோயிருக்கும். பிள்ளைகள் ஓடி விளையாடும் முற்றத்தில் அப்படி ஒரு மூடி இருப்பது எவ்வளவு ஆபத்து! மூடியைத் தூக்கும்போதெல்லாம் அதன் அடிப்புறத்தையும் பாருங்கள். சுண்ணாம்பு போல உதிர்ந்தால் உடனே மாற்றுங்கள். காற்றுக் குழாயை வீட்டுக் கூரைக்கு மேல் 2 மீட்டராவது உயர்த்தி, வாயில் கொசுவலை கட்டுங்கள். கியூலெக்ஸ் கொசு செப்டிக் டேங்க்கில் கொழிக்கும்.

அந்த வாயு செய்யும் பெருங்கொடுமையை இங்கே சொல்லாமல் விட முடியாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, தொட்டிக்குள்ளேயே தங்கும். காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு சேர்ந்ததும் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் மயக்கம். 1,000-ஐத் தாண்டினால் ஒன்றிரண்டு மூச்சில் உயிர் போகும். கசட்டைக் கிளறும்போது அதில் சிக்கியிருந்த வாயு ஒரே நேரத்தில் வெளியேறும். திறந்து வைத்துவிட்டோம், வாடை போய்விட்டது, இறங்கலாம் என்று நினைப்பவர்களைக் கொல்வது இதுதான். முதலில் இறங்கியவர் சாய்ந்ததும் காப்பாற்ற இன்னொருவர் இறங்குகிறார், அவரும் சாய்கிறார். 1993 முதலான மரணங்கள் பற்றி நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குகளில் இப்படி அதிக உயிர்கள் போன மாநிலம் நம் தமிழ்நாடு. இறந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். சாதியின் பெயரால் ஒரு மக்கள் கூட்டத்தின் தலையில் கட்டிய வேலையில் இது விபத்து என்று சொல்லிக் கடந்துபோகும் உரிமை நமக்கு இல்லை.

கையால் மலம் அள்ளும் வேலையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பில்லாமல் யாரையும் செப்டிக் டேங்க்கில் இறக்குவதைத் தடை செய்கிறது. இது அரசுக்கும் நிறுவனங்களுக்கும் மட்டுமல்ல, கூலி பேசி ஆள் கூட்டிவரும் வீட்டுக்காரருக்கும் பொருந்தும். முதல் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1993 முதல் நேர்ந்த ஒவ்வொரு மரணத்துக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நானூறு ரூபாய் மிச்சம் பிடிக்க ஒரு மனிதரை இறக்குவதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. உறிஞ்சும் லாரி வர முடியாத மேட்டு வீடானால், சிறு பம்பும் நீளமான குழாயும் டிரம்மும் போதும். உறிஞ்சும் இயந்திரம் செங்குத்தாக 7 மீட்டர் வரை எளிதாக இழுக்கும்.

எடுத்த கசடு எங்கே போகிறது என்று கேட்பதும் வீட்டுக்காரரின் கடமை. ரங்கத்தை அடுத்த எரட்டாவின் கடற்கழியிலோ காட்டோர ஓடையிலோ இரவில் திறந்துவிட்டால், தொட்டி கட்டியதன் பயன் முழுவதும் போயிற்று. தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் 2010-இன் வெப்பத்தில் பெருமளவு வெளுத்தவை. நைட்ரஜன் கொழுத்த நீரில் பாசி படர்ந்தால் புதிய பவளம் ஒட்டி வளர இடம் கிடைக்காது. தமிழ்நாட்டில் கோவை அருகே பெரியநாயக்கன்பாளையத்திலும், கர்நாடகத்தில் தேவனஹள்ளியிலும் கசடு சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. சிறிய ஊர்களுக்கும் ஏற்ற அளவுதான் அவை. போர்ட் பிளேரிலிருந்து, காப்புக்காட்டு வழியே வாகனங்கள் அணியாகச் செல்லும் கான்வாய் நேரம் பார்த்து லாரி வரட்டும் என்று காத்திருப்பது ரங்கத்துக்கு ஆகாது. அங்கேயே ஒன்று வேண்டும். அதுவரை, ஓடைக்கும் கிணற்றுக்கும் தொலைவில் உள்ள மேட்டு நிலத்தில் அகழி வெட்டி, கசட்டைக் கொட்டி மண் மூடி, மேலே மரம் நடுவது ஒப்புக்கொள்ளக்கூடிய வழி. அந்த இடத்தில் சில ஆண்டுகளுக்குக் காய்கறி போடக் கூடாது. உருளைப்புழு முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும்.

கடைகளில் விற்கும் பாக்டீரியா பொடியைப் பற்றிப் பலரும் கேட்பதுண்டு. வாங்க வேண்டாம். தொட்டிக்குத் தேவையான உயிர்கள் ஒவ்வொரு நாளும் நம் குடலிலிருந்தே போகின்றன. ஈஸ்ட், வெல்லம், சாணம் எதுவும் கசடு எடுப்பதற்கு மாற்று ஆகாது. கழிப்பறையை அளவாகப் பினாயில் ஊற்றிக் கழுவுவதால் தொட்டி கெட்டுவிடாது; ஆசிட்டைப் பாட்டில் பாட்டிலாக ஊற்றினால்தான் கெடும். நாப்கின், டயப்பர், துணி, மீன் கழுவிய கொழுப்பு, பொரித்த எண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது.

புதிதாக வீடு கட்டுபவர், இடம் மேடாகவும் நீர்மட்டம் ஆழமாகவும் இருந்தால் செப்டிக் டேங்க்கையே விட்டுவிட்டு இரட்டைக் குழிக் கழிப்பறைக்குப் போகலாம் என்பது என் கருத்து. ஒரு குழி நிரம்பியதும் மற்றதற்கு மாற்றி, முதல் குழியை இரண்டாண்டு மூடி வைத்தால் உள்ளே இருப்பது கிருமி அடங்கிய எருவாகிவிடும். லாரியும் வேண்டாம், ஆளும் இறங்க வேண்டாம். தாழ்ந்த நிலத்தில் இது நடக்காது. அங்கே அடியும் சுவரும் நன்றாகப் பூசிய, குறைந்தது இரண்டு அறை கொண்ட தொட்டியும், உயர்த்திய மணல் மேடையும்தான் வழி.

ரங்கத்தில் இதை வாசிப்பவர்கள் இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தொட்டியின் மூடி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அதன்மேல் டைல்ஸ் ஒட்டியிருந்தால் பெயர்த்து, தூக்கக்கூடிய மூடியாக மாற்றச் சொல்லுங்கள். கூரைத் தண்ணீர்க் குழாய் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். கடைசியாகக் கசடு எடுத்த ஆண்டை நினைவிலிருந்து சொல்ல முடியாவிட்டால், வரும் பிப்ரவரிக்கு இப்போதே பஞ்சாயத்தில் பேசி வண்டிக்கோ பம்புக்கோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் நாலைந்து வீடுகள் சேர்ந்து கேட்டால் செலவும் குறையும். மே மாத மழை தொடங்கிவிட்டால் அடுத்த ஆண்டுதான்.